வாசிக்கத் தெரிந்த பாலம்

எங்கள் ஊர் ஆற்றுப் பாலத்துக்கு எழுத்து வாசிக்கத் தெரியும் என்பது, அதன் இரண்டு முனையிலும் மாநகராட்சிக்காரர்கள் பலகை வைத்த அன்றைக்குத்தான் எங்களுக்கே தெரிய வந்தது. அதுவரைக்கும் பாலம் அது பாட்டுக்குக் கிடந்தது, நாங்கள் எங்கள் பாட்டுக்குப் போய்வந்தோம், ஆறு அது பாட்டுக்குக் கீழே ஓடியது, யாரும் யாரையும் ஒன்றும் கேட்டுக்கொண்டதில்லை.

பலகையில் இருந்தது இவ்வளவுதான்: பேருந்து, மிதிவண்டி, பாதசாரிகள் மட்டும். நீலத்தில் வெள்ளை எழுத்து, அடியில் பொடியாக ‘சோதனை முறையில்’. குப்பை கொட்டாதீர் என்று எழுதிய பலகையின் காலடியிலேயே குப்பையைக் கொட்டிவிட்டு, அந்தப் பலகையிலேயே கையைத் துடைத்துக்கொண்டு போகிற ஊர் எங்கள் ஊர், ஆகையால் இந்தப் பலகைக்கும் அதே மரியாதையைத்தான் கொடுத்தோம். கொடுக்காதது பாலம் மட்டும்தான்.

பாலத்தின் இரண்டு முனையிலும் குறுக்கே ஓர் இரும்புப் பட்டை உண்டு, வண்டி ஏறினால் தடக்கென்று சத்தம் கேட்கும், அந்தத் தடக்குக்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் பாலம். பலகை வைத்த அன்று காலையில் ரைஸ்மில் முதலாளி தளவாய் அண்ணாச்சியின் வெள்ளைக் கார், கண்ணாடியெல்லாம் ஏற்றிக்கொண்டு, எங்கள் கரையில் பேராச்சி முக்கிலிருந்து வந்து தடக்கென்று ஏறியது. ஏறினது கார், அந்தப் பக்கம் போனது ஒரு பச்சை சைக்கிள், அதன் மேலே தளவாய் அண்ணாச்சி, வேட்டி நுனி சங்கிலியில் மாட்டாமல் இருக்க ஒரு காலை அகட்டிக்கொண்டு, தோளுக்கும் காதுக்கும் நடுவில் செல்போனை இடுக்கிக்கொண்டு, இட்லி அரிசி விலையைப் பேசிக்கொண்டே மிதித்துக்கொண்டு போனார். பாதிப் பாலம் போன பிறகுதான் அவருக்கே உறைத்தது. நிறுத்தினால் விழுந்துவிடுவோம் என்கிற பயத்தில் நிறுத்தாமல் மிதித்தார், மிதிக்க மிதிக்க ஆற்றுக்காற்று சட்டைக்குள் புகுந்து அவரைப் பூரி மாதிரி உப்ப வைத்தது, அக்கரையில் உப்புமண்டிப் பக்கம் தடக்கென்று இறங்கியதும் பழையபடி காரில் இருந்தார். சட்டையைத் தடவிப் பார்த்தார். அப்புறம் வண்டியைத் திருப்பிக்கொண்டு இன்னொரு தடவை வந்தார்.

அன்று மத்தியானத்துக்குள் ஊருக்குப் பாலத்தின் வழக்கம் பிடிபட்டுவிட்டது. பைக் சைக்கிளாகும், கார் சைக்கிளாகும், லாரி பஸ்ஸாகும், அக்கரை போனதும் எல்லாம் தானாகப் பழையபடி ஆகிவிடும். தர்ப்பூசணி ஏற்றி வந்த லாரி ஒன்று பஸ்ஸாகி, சீட்டுக்கு இரண்டு என்று தர்ப்பூசணிகள் ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டே போனதை நானே பார்த்தேன். மாப்பிள்ளை வந்த பூப்போட்ட வேன் பூப்போட்ட பஸ்ஸாகி, நடுப்பாலத்து நிறுத்தத்தில் நின்ற சனமெல்லாம் ஏறிக்கொண்டு, கல்யாண மண்டபத்தில் போய் இறங்கி, இறங்கினதுதான் இறங்கினோம் என்று பந்தியிலும் உட்கார்ந்து எழுந்து, மொய்யும் எழுதிவிட்டு வந்தது. பாடையை மட்டும் இந்தப் பாலத்தின் வழியாகக் கொண்டுவருவதில்லை என்று எல்லாச் சமுதாயத்தாரும் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள்; ஏன் என்று யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை.

மாநகராட்சியிலிருந்து என்ஜினியர் மேடம் ஒருத்தர் வந்தார். நடந்ததையெல்லாம் சொன்னோம். ஒரு பைக் சைக்கிளாவதையும், அந்தப் பையன் ‘சே’ என்று தலையில் அடித்துக்கொண்டு மிதிக்கத் தொடங்குவதையும் நின்று பார்த்தார். பார்த்துவிட்டு, “என் சர்வீஸ்ல ஒரு போர்டு வேலை செஞ்சு இப்பத்தான் பாக்கேன்” என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் பெயர் பலவேசம், ஆட்டோ ஓட்டுகிறார். காருக்குச் சைக்கிள், லாரிக்குப் பஸ் என்று வைத்திருந்த பாலத்துக்கு ஆட்டோவை என்ன செய்வதென்று கொஞ்சம் குழப்பம்தான் போலிருக்கிறது, சைக்கிளாக்கினால் ஒரு சக்கரம் மிஞ்சும், மிஞ்சின சக்கரத்தை எங்கே வைப்பது. அதனால் அவர் ஆட்டோவைப் பஸ்ஸாக்கிவிட்டது. பின்னால், ரிப்பேருக்குக் கொண்டுபோன மிக்ஸியை மடியில் வைத்தபடி ஓர் அம்மா, அவ்வளவு பெரிய பஸ்ஸில் தன்னந்தனியாக. நடுப்பாலத்து நிறுத்தத்தில் கூட்டம் கை காட்டியது, பஸ் என்றால் நிற்கத்தானே வேண்டும் என்று இவர் நிறுத்திவிட்டார், ஒரு திருவிழாக் கூட்டம் ஏறிவிட்டது. டீ குடிக்க இறங்கித் தன் பஸ்ஸைத் தவறவிட்டு அங்கேயே நின்றுகொண்டிருந்த கண்டக்டர் நாகூர்கனி அண்ணாச்சியும் ஏறி, யாருடைய பஸ் என்றுகூடக் கேட்காமல், “உள்ள போ, உள்ள போ, உள்ள மைதானமா கெடக்கு” என்று விசிலடித்தார். உப்புமண்டியில் தடக்கென்று இறங்கினதுமே பஸ் ஆட்டோவாகிவிட, உள்ளேயிருந்த கூட்டமெல்லாம் பிதுங்கி, வழிந்து, ஒருவர் மடியில் ஒருவராக ரோட்டில் உருண்டு, யாருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லாமல் எழுந்து சிரித்துக்கொண்டு நடந்தது. மிக்ஸி மட்டும் சரியாகிவிட்டிருந்தது.

“ஏளா செண்பகம், இன்னைக்கு நான் பஸ் ஓட்டுனேன்” என்று வந்து சொன்னபோது அவர் முகத்தில் பெருமைதான் இருந்தது. ஒரு வாரம் போனதும் அது எரிச்சலானது. சவாரிக்காரர்கள் அவசரம் என்று ஆட்டோவில் ஏறினால் பாலத்தில் அது பஸ்ஸாகி நிறுத்தத்தில் நின்று நின்று போகிறது, சுற்றிக்கொண்டு மேலப் பாலத்தின் வழி போனால் அங்கே தேர் வடம் பிடித்த மாதிரி நெரிசல். ஆட்டோ ஸ்டாண்டில் எல்லாரும் சேர்ந்து, பலகையை எடுக்கச் சொல்லி மனுக் கொடுத்தார்கள். முதல் கையெழுத்து இவருடையது.

இந்தச் சமயத்தில்தான் என் பிள்ளை கதை வருகிறது.

உலகம்மை என்று குலதெய்வத்தின் பெயர், உலகு என்று கூப்பிடுவோம். அவள் வயதுப் பிள்ளைகளெல்லாம் தெருவில் ஓடிப் பிடித்து விளையாட, இவள் உட்கார்ந்த இடத்திலேயே ராஜ்ஜியம் நடத்துவாள். வேண்டியதைக் கையைக் காட்டினால் வந்துவிடும், வராவிட்டால் பின்பக்கத்தாலேயே நகர்ந்துபோய் எடுத்துக்கொள்வாள், சட்டையெல்லாம் பின்னால் தேய்ந்து கிழிந்திருக்கும், முன்னால் புத்தம் புதிதாக இருக்கும். டாக்டர் காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, “ஒரு குறையும் இல்லம்மா, நடக்கணும்னு தோணும்போது நடப்பா” என்றார். அது எப்போது தோன்றும் என்று அவர் சொல்லவில்லை. நான் பொதுவாக எதற்கும் கலங்குகிற ஆள் இல்லை. சாயங்காலம் தெருவில் அந்தப் பிள்ளைகளின் காலடிச் சத்தம் கேட்கும்போது மட்டும் தையல் மிஷினைக் கொஞ்சம் வேகமாக மிதிப்பேன், அந்தச் சத்தத்தில் இந்தச் சத்தம் அமுங்கிப் போகும்.

என் மதினி சொர்ணம், அதாவது இவருடைய அக்கா, பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார். அவர் ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடுவார்: “நீ இப்பிடி இடுப்புலயே ஒட்ட வச்சுக்கிட்டு அலைஞ்சா அவ எதுக்குட்டி நடக்கா? நானா இருந்தா நானும் நடக்க மாட்டேன்.”

“உங்களத் தூக்க ஆள் கெடைக்காது மதினி.”

“வாய் மட்டும் நல்லா நடக்கு ஒனக்கு.”

தைத்த ஜாக்கெட்டுகளை அக்கரைத் துணிக்கடையில் கொடுக்க நான் தினமும் பாலம் தாண்ட வேண்டும். பலகை வைத்ததிலிருந்து உலகுக்குக் காய்ச்சல், மதினியிடம் விட்டுவிட்டுப் போய்வந்தேன். இவர் கையெழுத்துப் போட்ட மறுநாள்தான், இடுப்பில் உலகு, கையில் கட்டைப்பை, இரும்புப் பட்டையைத் தாண்டி ஒரு காலை வைத்ததுதான் தாமதம், எண்ணெய் தேய்த்த பிள்ளையைப் பிடித்த மாதிரி என் கைக்குள்ளிருந்து அவள் வழுக்கினாள். நான் விடவில்லை, அவளும் திமிறவில்லை, பலகையில் பாதசாரி என்று எழுதியிருக்கிறதே தவிர இடுப்புச்சவாரி என்று எழுதவில்லையே, பாலம் அவளை இறக்கி நிறுத்திவிட்டது. நின்றாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, இத்தனை காலமும் இதைத்தான் செய்துகொண்டிருந்த மாதிரி, வலது காலை வைத்து, இடது காலை வைத்து, தண்டையைக் குலுக்கிக்கொண்டு நடந்தாள். எனக்கு முன்னால் ஒருத்தர் சந்தைக்குத் தலைகீழாகத் தூக்கிப் போன சேவலும் அப்போதுதான் இறங்கி நடக்க ஆரம்பித்திருந்தது. சேவலும் உலகும் பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டே போனார்கள். நான் கட்டைப்பையைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் போனேன், மிதித்துக்கொண்டு வந்த தளவாய் அண்ணாச்சி சைக்கிளை நிறுத்தி, விழுந்து, விழுந்த இடத்திலிருந்தே கை தட்டினார்.

அக்கரையில் இரும்புப் பட்டை வந்தது. உலகு அதைப் பார்த்தாள், பட்டைக்கு இந்தப் பக்கமாகப் பொத்தென்று உட்கார்ந்தாள், கையைத் தூக்கிக் காட்டினாள். நான் தாண்டி அந்தப் பக்கம் நின்று, கையை நீட்டித் தூக்கிக்கொண்டேன். உப்புமண்டி ரோட்டில் இறக்கி நிறுத்திப் பார்த்தேன். கால் இரண்டும் துணியாக மடங்கியது. திரும்பி வரும்போது மறுபடியும் பாலத்தில் நடந்தாள், பேராச்சி முக்கில் மறுபடியும் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து தினமும் அப்படியே.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை முதன்முதலாக நடந்தால் கருப்பட்டியும் தேங்காயும் போட்டுப் பிடிகொழுக்கட்டை அவிக்க வேண்டும், முதல் கொழுக்கட்டையைப் பிள்ளையின் கையாலேயே பிடிக்க வேண்டும், அந்த நடையைக் கண்ணால் பார்த்தவர்கள் எத்தனை பேரோ அத்தனை பேருக்கும் கொடுக்க வேண்டும். பார்த்த கண்ணுக்குக் கொடுக்காமல் விட்டால் பிள்ளை மறுபடியும் உட்கார்ந்துவிடும் என்பார்கள். உலகு பாலத்தில் நடந்ததைப் பார்க்காதவர்கள் ஊரில் யார்? மறுநாள் காலையிலேயே நாகூர்கனி அண்ணாச்சி வாசலில் நின்றார்.

“எங்கம்மா கொழுக்கட்டை? நான் ரெண்டு டிரிப்பும் பாத்தாச்சு.”

மதினி அவர் வீட்டு வாசலிலிருந்தே எழுந்து வந்துவிட்டார். “கொழுக்கட்டையா? எதுக்கு? பாலம் நடத்துச்சு, பிள்ளை நடக்கல. பாலத்துக்கிட்ட போய்க் கேளும் ஓய்.”

“நடந்தது யார் காலு? பாலத்துக் காலா?”

“சேவலுந்தான் நடந்துச்சு. அந்த வீட்டுக்காரன் கொழுக்கட்டை அவிச்சானா?”

“அவன் சேவலைக் கொழம்பு வச்சுட்டாம்மா.”

தெரு இரண்டாகப் பிரிந்தது. பாலத்தில் நடந்தது நடைதான் என்று ஒரு கட்சி, வீட்டுத் தரையில் நடந்தால்தான் நடை என்று ஒரு கட்சி. டீக்கடையில், குழாயடியில், பள்ளிக்கூட வாசலில் இதே வழக்கு. நான் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. மதினி சொல்வதுதான் நியாயம் என்று எனக்கே தெரியும், அதை ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை, அதனால் பச்சரிசியை மட்டும் ஊறவைத்து இடித்து மாவாக்கி டப்பாவில் போட்டு வைத்திருந்தேன், எதற்கும் இருக்கட்டும் என்று.

இவரும் சும்மா இருக்கவில்லை. வெளியே பலகையை எடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்ட மனுசன், வீட்டில் ஓர் அட்டையில் ‘பாதசாரிகள் மட்டும்’ என்று சாக்பீஸால் எழுதி நிலைப்படியில் மாட்டினார். உலகு அட்டையைப் பார்த்துச் சிரித்தாள், உட்கார்ந்தே இருந்தாள்.

“வீட்டுக்கு வாசிக்கத் தெரியல போலிருக்கு” என்றார்.

“வாடகை வீடுதான, அதை யாரு படிக்க வச்சா.”

சிரித்தோம், ஆனால் அன்று சாயங்காலம் அவர் அந்த அட்டையைக் கழற்றவில்லை.

ஊரும் பாலத்துக்குப் பழகிவிட்டது. தளவாய் அண்ணாச்சிக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது, தொந்தி கரைந்து பழைய சட்டையெல்லாம் திரும்பவும் சேர்ந்தது, காலையில் மில்லுக்குப் போக ஒரு தடவை, மில்லில் எதையோ மறந்துவிட்டேன் என்று பொய் சொல்லி இன்னொரு தடவை என்று வந்துகொண்டே இருந்தார். பேசாமல் கிடந்த அண்ணன் தம்பி இரண்டு பேர் காரில் எதிரெதிரே வந்து, சைக்கிளில் நேருக்கு நேர் பார்த்து, மணியடித்துக்கொண்டு, மணியடித்த பிறகு எப்படிப் பேசாமல் போவது என்று பேசிவிட்டார்கள். ஆனால் மேலப் பாலத்தில் நெரிசல் ஏறிக்கொண்டே போனது, மனுக்களும் ஏறிக்கொண்டே போயின, ஒரு நாள் என்ஜினியர் மேடம் வந்து, பலகையை ஆசையோடு தடவிக் கொடுத்துவிட்டு, “சோதனை முடிஞ்சு போச்சு, வார வெள்ளிக்கிழமை காலையில கழட்டுதோம்” என்றார்.

அன்று இவரோடு நான் சண்டை போட்டேன். எனக்குச் சண்டை நன்றாக வராது, நடுவில் சிரிப்பு வந்துவிடும், அன்றைக்கு வரவில்லை.

“முதக் கையெழுத்து நீங்கதான போட்டிய? நல்லாருங்க. ஒங்க பிள்ள நடக்கது அந்த ஒரு எடத்துலதான்.”

“நான் போடும்போது அவ நடக்கலயே ஏளா. எனக்கு என்ன தெரியும்?”

“இப்பத் தெரியும்லா.”

“போய்ச் சொன்னேன். கையெழுத்தைத் திரும்பத் தாங்கன்னு கேட்டேன். அந்த கிளார்க்கு சிரிக்கான்.” கொஞ்ச நேரம் ஆட்டோச் சாவியை உருட்டிக்கொண்டிருந்தார். “செண்பகம், அவ பாலத்துலயேவா குடியிருக்க முடியும்? பள்ளிக்கூடம் பாலத்துலயா இருக்கு? கல்யாண மண்டபம் பாலத்துலயா இருக்கு?”

எனக்கும் தெரிந்த விஷயம்தான். தெரிந்ததைத்தான் அடுத்தவர் வாயால் கேட்கும்போது கோபம் வருகிறது. சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்த என்னை, சத்தம் கேட்டு வந்த மதினிதான் உலுக்கினார். “ஏட்டி, அழுதது போதும். வெள்ளிக்கிழம கடைசியா ஒரு தடவ நடத்திக் கூட்டிட்டு வா. நானும் வாரேன். நானும் இன்னும் முழுசாப் பாக்கல.” இத்தனை நாளும் பாலம் நடத்துகிறது என்று வாதாடிய மதினி, உலகு நடப்பதைப் பார்க்கப் பாலத்துப் பக்கம் வந்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் ஊரே பாலத்தில் இருந்தது. கடைசியாக ஒரு தடவை சைக்கிளாவோம் என்று கார்க்காரர்களெல்லாம் வந்துவிட்டார்கள், கடைசியாக ஒரு தடவை பஸ்ஸாவோம் என்று லாரிகளும் வேன்களும் வந்துவிட்டன, பாலம் முழுக்க மணியோசை, விசில் சத்தம், பஸ் ஜன்னல்களில் தலைகள், கைப்பிடிச் சுவரோரம் நடந்துபோகிற கோழிகள், வாத்துகள், தோளிலிருந்து இறங்கி ஆச்சரியத்தோடு தங்கள் கால்களையே பார்த்துக்கொண்டு நடக்கிற கைப்பிள்ளைகள். எங்களுக்குப் பின்னாலேயே இவர் பஸ் ஓட்டிக்கொண்டு வந்தார், படியில் நாகூர்கனி அண்ணாச்சி, முன்சீட்டில் மதினி, ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக்கொண்டு, “எங்கட்டி, எங்க, மறைக்காதிய, தலைய எடுங்கவே” என்று. உலகு எனக்கு இரண்டடி முன்னால் நடந்தாள். பாவாடை சட்டை போட்டு, காலில் சலங்கைத் தண்டை போட்டுவிட்டிருந்தேன்.

நாங்கள் நடுப்பாலத்துக்கு வந்தபோது, பேராச்சி முக்கில் ஒன்று, உப்புமண்டியில் ஒன்று, இரண்டு பலகையையும் ஒரே நேரத்தில் கழற்றினார்கள்.

பாலத்துக்கு வாசிக்க ஒன்றும் இல்லாமல் போனது. அந்தக் கணமே அத்தனை சைக்கிளும் காராகியது, அத்தனை மணியும் ஹாரனாகியது, தளவாய் அண்ணாச்சி கண்ணாடி ஏற்றின வெள்ளைக் காருக்குள் காற்றில்லாமல் தவித்தார், கோழிகள் தலைகீழாகத் தொங்கின, கைப்பிள்ளைகள் எல்லாம் அவரவர் அம்மா இடுப்புக்குத் தாவின, எங்கள் பஸ் ஆட்டோவாகி, கதவுக்கு ஒரு கை, கூரைக்கு ஒரு கால் என்று ஒரு திருவிழாக் கூட்டமே அதிலிருந்து வழிந்தது, மதினியின் குரல் மட்டும் எல்லாருக்கும் அடியிலிருந்து, “தெரியலயே, எனக்குத் தெரியலயே” என்று கேட்டது.

நடுரோட்டில் உலகு மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.

சுற்றிலும் திடீரென்று முளைத்த கார்களையும் லாரிகளையும் பார்த்தாள். முழங்கால் லேசாக மடங்கியது. என் கை தானாகவே நீண்டது. நீண்ட கையை நான் மடக்கி, இடுப்பில் செருகியிருந்த முந்தானைக்குள் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். முன்னால் நின்ற லாரிக்காரர் என்ன நினைத்தாரோ இஞ்சினை அணைத்தார். அதைப் பார்த்து அடுத்தவர் அணைத்தார். அடுத்தடுத்து, அணைத்து அணைத்து, பாலம் முழுக்க ஒரு ஹாரன் இல்லை, ஒரு விசில் இல்லை, கீழே ஆறு ஓடுவது மேலே கேட்டது. ஊர் மொத்தமும், கண்ணாடியை இறக்கி, கூரை மேல் ஏறி, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, அவளுடைய இரண்டு முழங்காலையும் பார்த்துக்கொண்டிருந்தது.

உலகு உட்காரப் பார்த்தாள். வெயிலில் தார் சுட்டது. பின்பக்கம் பட்டதும் ‘ஸ்ஸ்’ என்று எழுந்தாள். தார் ரோட்டைக் கோபமாக முறைத்தாள், முறைத்துக்கொண்டே வலது காலை எடுத்து வைத்தாள். சலங்கை ஒரு தடவை ‘கலுக்’ என்றது. பாலம் வாசிக்கவில்லை, பலகை சொல்லவில்லை, என் பிள்ளை அவள் பாட்டுக்கு இடது காலையும் எடுத்து வைத்தாள்.

“வழி விடுங்க, வழி விடுங்க, பாதசாரி வருது!” என்று நாகூர்கனி அண்ணாச்சி தொண்டை கிழியக் கத்திக்கொண்டு முன்னால் ஓடினார். வண்டிகள் இரண்டு பக்கமும் ஒதுங்கின, நடுவில் ஒரு பாதை பிறந்தது, அதில் உலகு, அவளுக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் செருப்பு ஒன்று கையிலும் ஒன்று காலிலுமாக மதினி, அவருக்குப் பின்னால் இஞ்சினை அணைத்த ஆட்டோவைத் தள்ளிக்கொண்டு இவர், அவருக்குப் பின்னால் காரைவிட்டு இறங்கி நடந்தே வந்த தளவாய் அண்ணாச்சி, அப்புறம் பாலத்தில் இருந்த அத்தனை வண்டியும், சத்தமில்லாமல், அந்தச் சின்னக் காலின் வேகத்துக்கு உருண்டு வந்தன. உப்புமண்டி இரும்புப் பட்டை வந்தது. எல்லாரும் நின்றோம். உலகு குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு நாளும் உட்கார்ந்த அதே இடம். காலால் அதை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள், இரும்பும் சுட்டது, ஒரு குதி குதித்து அந்தப் பக்கம் போய்விட்டாள்.

போனவள் நிற்கவில்லை. துணிக்கடையைத் தாண்டி, பூக்கடையைத் தாண்டி, டிராபிக் போலீஸ்காரர் கை காட்டியதையும் மதிக்காமல், உப்புமண்டி முக்குவரைக்கும் போய், ஒரு வாழைப்பழத் தாரைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். பின்னால் ஊர் போட்ட சத்தம் இருக்கிறதே, மேலப் பாலத்து நெரிசலில் மாட்டியிருந்தவர்களெல்லாம் அணை உடைந்துவிட்டதோ என்று இறங்கி ஓடினார்களாம்.

மதினி என் கையைப் பிடித்தார். மூச்சு வாங்கியது. “பிள்ள நடந்துச்சுட்டி. பாலம் நடத்தல. பிள்ளதான்.” தீர்ப்புச் சொன்ன கையோடு திரும்பி, ஆட்டோவைத் தள்ளிக்கொண்டு வந்த தம்பியைப் பார்த்துக் கத்தினார்: “ஏல பலவேசம், என்னல பாத்துக்கிட்டு நிக்க, கருப்பட்டி வாங்கு!”

“எத்தன பேருக்கு மதினி?” என்றேன். பாலத்தைத் திரும்பிப் பார்த்தோம். பார்த்த கண்ணெல்லாம் அங்கே நின்றுகொண்டிருந்தது.

தளவாய் அண்ணாச்சி மில்லிலிருந்து மூட்டை மூட்டையாகப் பச்சரிசி மாவு வந்தது. அன்று முழுக்கத் தெருவே அவித்தது. அடுப்புப் போதாமல் மண்டபத்து அண்டாக்களைக் கொண்டுவந்தார்கள், பாலத்தில் நடந்தது நடையே இல்லை என்று சொன்ன கட்சியும் நடைதான் என்று சொன்ன கட்சியும் ஒரே தாம்பாளத்தில் மாவைப் பிடித்தன. முதல் கொழுக்கட்டையை உலகு பிடித்தாள். அது கொழுக்கட்டை மாதிரி இல்லை, அவள் விரல் அச்சு மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் கூடைகளை ஆட்டோவில் அடுக்கிக்கொண்டு பாலத்துக்குப் போனோம். தடக்கென்று ஏறினது ஆட்டோ, தடக்குக்கு அப்புறமும் அது ஆட்டோதான், இவர் ஒரு பெருமூச்சு விட்டதை நான் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டேன். கார் ஜன்னல்களில், லாரிப் படிகளில், பஸ் கம்பிகளுக்கு நடுவில், நீண்ட கைகளுக்கெல்லாம் கொழுக்கட்டை கொடுத்துக்கொண்டே போனோம், உலகு முன்னால் ஓடி ஓடி ஒவ்வொரு டயரையும் தட்டினாள். நடுப்பாலத்தில், உலகு பிடித்த அந்த முதல் கொழுக்கட்டையை, வாழையிலைக் கீற்றில் வைத்து, கைப்பிடிச் சுவரின் மேல் வைத்தேன்.

“இது யாருக்கு ஏளா?”

“பாத்த கண்ணுக்கெல்லாம் குடுக்கணும்லா. அதுவும் பாத்துச்சு.”

 அப்போது கால் ஓய்ந்துபோன உலகு என் முன்னால் வந்து நின்று, இரண்டு கையையும் மேலே தூக்கினாள். “தூக்கு.”

நானும் இவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பாலத்தின் மேல் வைத்துத் தூக்கினால் வழுக்கிவிடுவாளே என்று கை பழக்கத்தில் ஒரு நொடி தயங்கியது. தூக்கினேன். வழுக்கவில்லை. கழுத்தைக் கட்டிக்கொண்டாள், கருப்பட்டி வாயோடு தோளில் முகத்தை வைத்தாள், அவள் கனம் முழுக்க என் இடுப்பில் வந்து உட்கார்ந்தது, முந்தின நாளிலிருந்து அந்த இடம் காலியாகக் கிடந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அக்கரை போய்ச் சேருவதற்குள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். கைப்பிடிச் சுவரில் இலை மட்டும் இருந்தது.

“காக்கா” என்றார் இவர்.

காக்கா கொத்தினால் இலையில் கொஞ்சமாவது உதிர்ந்து கிடக்காதா? நக்கித் துடைத்த மாதிரி இருந்தது. நான் பிள்ளையை இடுப்பில் ஏற்றிப் போட்டுக்கொண்டு நடந்தேன், காலுக்கடியில் பாலம் மெல்ல ஒரு தடவை அசைந்து கொடுத்தது, சாப்பிட்டு முடித்தவர்கள் சப்பணத்தை மாற்றிப் போட்டு உட்காருவார்களே, அந்த மாதிரி.